தண்ணீர்த் தட்டில் மின்னழுத்தத்தை வரைந்து பார்ப்பது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலைத் திறந்ததும் வரும் முதல் பாடம் நிலைமின்னியல். அதில் மின்னழுத்தத்துக்கு ஒரு வரையறை இருக்கும்: ஓரலகு நேர் மின்னூட்டத்தை முடிவிலாத் தொலைவிலிருந்து ஒரு புள்ளிக்குக் கொண்டுவரச் செய்ய வேண்டிய வேலை. வரையறையில் பிழை ஏதுமில்லை. ஆனால் அதை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிற மாணவரிடம் ஒரு பேட்டரியைக் கொடுத்து, "இதை வைத்து ஓர் இடத்தின் மின்னழுத்தத்தை அளந்து காட்டு" என்றால் திகைத்துப்போகிறார். முடிவிலி எங்கே இருக்கிறது, அங்கிருந்து எப்படிக் கொண்டுவருவது என்று தேடத் தொடங்கிவிடுகிறார்.

அதனால் என்னிடம் படிக்க வருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தை நான் தண்ணீர்த் தட்டில் தொடங்குகிறேன். ஒரு பேட்டரி, ஒரு மல்டிமீட்டர், ஒரு மாலைப்பொழுது போதும். வேலை முடிந்ததும் நீங்களே வரைந்த மின்னழுத்த வரைபடம் ஒன்று கையில் இருக்கும். அதன் பிறகு சூத்திரத்தைப் பார்த்தால், அந்த வரைபடத்தை வாசிக்கும் முறைதான் அது என்பது விளங்கும்.

தொடங்குமுன் ஒரு குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள்

கோயில் தெப்பக்குளத்தின் படிக்கட்டில் நிற்கிறீர்கள். ஒரே படியில் குளத்தைச் சுற்றி நடந்து வந்தால் நீங்கள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. புவியீர்ப்புக்கு எதிராக நீங்கள் செய்த வேலை சுழி. ஒரு படியிலிருந்து மேல் படிக்குப் போனால்தான் வேலை. நேராக ஏறினாலும், கோணல்மாணலாக ஏறி இறங்கிப் போனாலும், புறப்பட்ட படிக்கும் சேர்ந்த படிக்கும் உள்ள உயர வேறுபாடு மாறாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உயரம் படிக்கு உரியது, அதில் நிற்பவருக்கு உரியதன்று. குழந்தை நின்றாலும் யானை நின்றாலும் ஐந்தாம் படியின் உயரம் ஒன்றுதான். யானையை அந்தப் படிக்கு ஏற்றச் செய்யும் வேலைதான் அதிகம். மின்னழுத்தமும் அப்படியே இடத்துக்கு உரிய ஓர் எண். அந்த இடத்தில் மின்னூட்டம் எதுவும் இல்லாவிட்டாலும் அந்த எண் இருக்கும். ஓர் இடத்தில் நிற்கும் மின்னூட்டத்துக்கு உள்ள ஆற்றலையும் அந்த இடத்தின் மின்னழுத்தத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. ஆற்றலின் அலகு ஜூல். மின்னழுத்தத்தின் அலகு வோல்ட், அதாவது ஒரு கூலூம் மின்னூட்டத்துக்கு இத்தனை ஜூல் என்ற விகிதம்.

தேவையானவை

அடி தட்டையான பிளாஸ்டிக் அல்லது கண்ணாடித் தட்டு ஒன்று, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளம். அதன் அடியில் வைக்க ஒரு கிராஃப் தாள், புள்ளிகளைக் குறிக்க அதே அளவில் இன்னொன்று. 9 வோல்ட் பேட்டரி. கிளிப் வைத்த வயர் இரண்டு. 10 சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டி, நிற்கும்படி மடித்த தகரப் பட்டை இரண்டு. ஒரு பெரிய இரும்பு நட்டு. பூச்சு இல்லாத உலோக வளையல் ஒன்று. டிஜிட்டல் மல்டிமீட்டர். குழாய்த் தண்ணீர்.

உப்புப் போட வேண்டாம். குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் தாதுக்களே போதும். உப்பைச் சேர்த்தால் மின்னோட்டம் கூடி, பட்டைகளில் குமிழி கிளம்பி, அளவுகள் நிலையில்லாமல் ஆடும்.

சுவரிலுள்ள மின்சாரத்தை இந்தத் தட்டின் பக்கமே கொண்டுவரக் கூடாது. 230 வோல்ட்டும் தண்ணீரும் சேர்ந்தால் உயிர் போகும். பேட்டரி மட்டும்தான்.

தட்டு உலோகமாக இருக்கக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். ஒருமுறை ஒரு மாணவி வீட்டிலிருந்து எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்தாள். தண்ணீரின் நடுப்பகுதியில் எங்கே தொட்டாலும் மீட்டர் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டியது. "மீட்டர் கெட்டுவிட்டது" என்றாள். மீட்டர் சரியாகத்தான் இருந்தது. கடத்தி ஒன்று முழுவதும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கப் பார்க்கும் என்ற பாடத்தை அந்தத் தட்டு எங்களுக்கு முன்கூட்டியே நடத்திவிட்டது.

முதல் அமைப்பு: இரண்டு பட்டைகள்

தட்டைச் சமமான மேசையில் வையுங்கள். 1 சென்டிமீட்டருக்கு மேற்படாமல் தண்ணீர் ஊற்றுங்கள். தட்டின் நான்கு மூலையிலும் ஆழம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று அளவுகோலை நிறுத்திப் பாருங்கள். மேசை சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் தண்ணீர் மெலிந்து, கோடுகள் காரணமில்லாமல் வளையும். இதைச் சரிபார்க்கும் இரண்டு நிமிடம் பின்னால் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

இரண்டு பட்டைகளையும் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் எதிரெதிராக, இணையாக நிறுத்துங்கள். ஒன்றைப் பேட்டரியின் நேர்முனையோடும் மற்றதை எதிர்முனையோடும் கிளிப் வயரால் இணையுங்கள்.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். அதன் கறுப்பு முனையை எதிர்முனைப் பட்டையோடு சேர்த்துக் கவ்விவிடுங்கள். இனி அந்தப் பட்டைதான் உங்கள் சுழி. பாடநூல் முடிவிலியைச் சுழியாக வைத்துக்கொள்கிறது, நாம் இந்தத் தகரப் பட்டையை வைத்துக்கொள்கிறோம். எதைச் சுழியாகக் கொள்கிறோம் என்பது நம் வசதி. இரண்டு இடங்களுக்கு இடையிலான வேறுபாடுதான் உண்மையில் அளக்கப்படுவது.

சிவப்பு முனையைச் செங்குத்தாகத் தண்ணீரில் நனையுங்கள். சாய்த்துப் பிடித்தால் எந்தப் புள்ளியை அளக்கிறீர்கள் என்பது தெளிவில்லாமல் போகும். எதிர்முனைப் பட்டையை ஒட்டித் தொட்டால் சுழி வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். 1 வோல்ட்டுக்கு மேல்கூடக் காட்டலாம். பயப்பட வேண்டாம். உலோகமும் தண்ணீரும் சேரும் விளிம்பில் நடக்கும் மின்பகுப்பு கொஞ்சம் வோல்ட்டைத் தின்றுவிடுகிறது. கல்லூரி ஆய்வகங்களில் இதே சோதனையைப் பெரும்பாலும் மாறுதிசை மின்னோட்டத்தில் செய்வதற்குக் காரணம் இதுதான். பட்டைகளை ஒட்டிய ஓரிரு சென்டிமீட்டரை விட்டுவிட்டு, நடுத் தண்ணீரில் வேலை செய்யுங்கள்.

இப்போது முனையை மெல்ல நகர்த்தி, மீட்டர் சரியாக 3.0 காட்டும் ஓர் இடத்தைப் பிடியுங்கள். அடியில் தெரியும் கிராஃப் தாளில் அதன் கட்டத்தைப் பார்த்து, இரண்டாவது தாளில் புள்ளி வையுங்கள். பக்கவாட்டில் 2 சென்டிமீட்டர் தள்ளி, மறுபடியும் 3.0 வரும் இடத்தைத் தேடுங்கள். இப்படி எட்டுப் பத்துப் புள்ளிகள் கிடைத்ததும் அவற்றைச் சேர்த்து ஒரு கோடு இழுங்கள். அடுத்து 4.0, 5.0, 6.0. வேலையைச் சற்று நிறுத்தும்போதெல்லாம் பேட்டரி இணைப்பைக் கழற்றி வையுங்கள்.

பட்டைகளுக்கு நடுவில் கோடுகள் ஏறக்குறைய நேராகவும் சம இடைவெளியிலும் வரும். பட்டைகளின் ஓரத்தைத் தாண்டியதும் அவை வளைந்து விரியும். பலர் இந்த வளைவைப் பிழை என்று எண்ணி அளவுகோலால் நேராக்கிவிடுகிறார்கள். அழிக்காதீர்கள், பட்டை முடியும் இடத்தில் மின்புலம், அதாவது ஓரலகு மின்னூட்டத்தின் மேல் செயல்படும் விசை, உண்மையிலேயே அப்படித்தான் பிதுங்குகிறது.

நீங்கள் வரைந்தவை சம மின்னழுத்தக் கோடுகள். தண்ணீர் மெல்லிய ஏடாக இருப்பதால் கோடாகத் தெரிகிறது. முப்பரிமாண வெளியில் அதுவே பரப்பாக விரியும்: இரண்டு பெரிய தகடுகளுக்கு நடுவே தகடுகளுக்கு இணையான தளங்கள், தனிப் புள்ளி மின்னூட்டத்தைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாகக் கோளங்கள்.

முனை இரண்டையும் சேர்த்துக் கட்டிப் பாருங்கள்

இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

கறுப்பு முனையைப் பட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள். கறுப்பையும் சிவப்பையும் நடுவில் ஒரு மரத்துண்டு வைத்து, நுனிகளுக்கிடையே 2 சென்டிமீட்டர் இருக்கும்படி டேப்பால் சுற்றுங்கள். மீட்டரை 2 வோல்ட் ரேஞ்சுக்கு மாற்றி, இரண்டு நுனிகளையும் நடுத் தண்ணீரில் நனைத்து, கவராயத்தைத் திருப்புவதுபோல் மெதுவாகத் திருப்புங்கள்.

ஒரு திசையில் எண் உச்சத்துக்கு ஏறும். அதிலிருந்து கால் சுற்றுத் திருப்பினால் சுழிக்கு இறங்கும். இன்னும் கால் சுற்றில் அதே அளவு, ஆனால் எதிர்க்குறியோடு வரும். சுழி வந்த திசை, நீங்கள் வரைந்த சம மின்னழுத்தக் கோட்டின் மேலேயே படுத்திருக்கும். உச்சம் வந்த திசை அதற்குச் செங்குத்து. அதுதான் மின்புலத்தின் திசை. அதிக மின்னழுத்தத்திலிருந்து குறைந்த மின்னழுத்தம் நோக்கி அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் செங்குத்தாகத்தான் இருக்க வேண்டும் என்று தேர்வில் கேட்பார்கள். கையில் மீட்டர் இருக்கும்போது விடை எளிது. கோட்டின் வழியே புலத்தின் ஒரு பகுதியாவது இருந்தால், அந்த வழியே மின்னூட்டத்தை நகர்த்த வேலை தேவைப்படும். வேலை தேவைப்பட்டால் இரு முனைகளின் மின்னழுத்தமும் வேறாக இருக்கும். அப்போது அது சம மின்னழுத்தக் கோடே இல்லை.

புலத்தின் வலிமையையும் இதே தாளில் படிக்கலாம். 3 வோல்ட் கோட்டுக்கும் 4 வோல்ட் கோட்டுக்கும் நடுவே 3 சென்டிமீட்டர் என்றால், 1 வோல்ட்டை 0.03 மீட்டரால் வகுங்கள்: மீட்டருக்குச் சுமார் 33 வோல்ட். கோடுகள் நெருங்கும் இடத்தில் புலம் வலுக்கும், விலகும் இடத்தில் மெலியும். செங்குத்தான படிக்கட்டும் சரிவான படிக்கட்டும் போலத்தான்.

வேலையைக் கணக்கிடுதல்

இப்போது வரைபடத்தின் மேல் ஒரு கற்பனை மின்னூட்டத்தை நடத்துவோம். நமக்குத் தேவையான சூத்திரம் ஒன்றே:

நாம் செய்யும் வேலை = மின்னூட்டம் × (சேரும் இடத்தின் மின்னழுத்தம் − புறப்படும் இடத்தின் மின்னழுத்தம்)

+2 மைக்ரோ கூலூமை 3 வோல்ட் கோட்டிலிருந்து 6 வோல்ட் கோட்டுக்கு நேராகக் கொண்டுபோனால் 2 × 3 = 6 மைக்ரோ ஜூல். இனிச் சுற்றுவழியில் போவோம். முதலில் 3இலிருந்து 2 வோல்ட்டுக்கு இறங்குகிறோம்: −2 மைக்ரோ ஜூல். 2 வோல்ட் கோட்டின் மேலேயே பக்கவாட்டில் நடக்கிறோம்: சுழி. அங்கிருந்து 6 வோல்ட்டுக்கு ஏறுகிறோம்: +8. கூட்டினால் மறுபடியும் 6. எந்த வழியில் போனாலும் இப்படித்தான் என்பதால்தான், ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே ஓர் எண்ணைக் கொடுப்பது சாத்தியமாகிறது. வழிக்கு வழி வேலை மாறுமானால் மின்னழுத்தம் என்ற கருத்தே நிற்காது.

குறிகளில்தான் மதிப்பெண் போகிறது. இரண்டை மட்டும் மனத்தில் வையுங்கள். நாம் செய்யும் வேலை +6 என்றால், அதே நகர்வில் மின்புலம் செய்த வேலை −6. கேள்வி யார் செய்த வேலையைக் கேட்கிறது என்று முதலில் அடிக்கோடிடுங்கள். அடுத்தது, மின்னூட்டம் −2 மைக்ரோ கூலூமாக இருந்தால் அதே பயணத்தில் நம் வேலை −6 ஆகும். அதாவது மின்புலமே அதை இழுத்துக்கொண்டு போகிறது. குள உவமை கைவிடும் இடம் இது. எடையில் எதிர்க்குறி கிடையாது, மின்னூட்டத்தில் உண்டு. எலக்ட்ரான்களுக்கு அதிக மின்னழுத்தம்தான் பள்ளம்.

இந்த முறையின் பெரிய வசதி, மின்னழுத்தம் வெறும் எண் என்பதே. பல மின்னூட்டங்கள் ஓரிடத்தில் உண்டாக்கும் விசைகளைத் திசை பார்த்துக் கூட்ட வேண்டும். மின்னழுத்தங்களைக் கடைக்கணக்குப் போலக் குறி பார்த்துக் கூட்டினால் போதும். 1828இல் இந்தக் கருத்துக்கு உரிய பெயரும் கணிதமும் கொடுத்த ஜார்ஜ் கிரீன், இங்கிலாந்தின் நாட்டிங்காமில் காற்றாலையில் மாவரைத்துக்கொண்டிருந்தவர். பள்ளியில் படித்தது ஏறத்தாழ ஓராண்டுதான். இந்தப் பாடம் தமக்கு எட்டாது என்று ஒதுங்கும் மாணவர்களிடம் அவரைப் பற்றி நான் கட்டாயம் சொல்வேன்.

ஒரு புள்ளி மின்னூட்டத்தைச் சுற்றி

கூலூமில் சொன்ன மின்னூட்டத்தை 9 × 10⁹ ஆல் பெருக்கி, மீட்டரில் சொன்ன தொலைவால் வகுத்தால் அந்தத் தொலைவில் மின்னழுத்தம் வோல்ட்டில் கிடைக்கும். 1 நானோ கூலூமுக்கு 10 சென்டிமீட்டரில் 90 வோல்ட், 15இல் 60, 30இல் 30, 90இல் 10. முதல் 30 வோல்ட் இறங்க 5 சென்டிமீட்டர் போதும், அடுத்த 30 வோல்ட்டுக்கு 15 சென்டிமீட்டர் வேண்டும் என்பதைத் தாளில் வட்டங்களாக வரைந்து பாருங்கள். கிட்டே நெருக்கம், எட்ட எட்ட அகலம்.

ஒரு பொறி. 20 சென்டிமீட்டர் இடைவெளியில் +1, −1 நானோ கூலூம் இருந்தால், நடுப்புள்ளியில் மின்னழுத்தம் 90 − 90 = 0. ஆனால் புலம் சுழி இல்லை. மீட்டருக்கு 1800 வோல்ட். இரண்டும் +1 என்றால் நடுவில் மின்னழுத்தம் 180 வோல்ட், புலம் சுழி. உயரம் வேறு, சரிவு வேறு. கடல்மட்டத்திலும் சரிவு இருக்கலாம், மலையுச்சியிலும் சமவெளி இருக்கலாம்.

இரண்டாம் அமைப்பு: நட்டும் வளையலும்

ஒரு பட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நட்டை வைத்து நேர்முனையோடு இணையுங்கள். நட்டைச் சுற்றி வட்டங்கள் கிடைக்கும். எதிர்முனைப் பட்டையை நெருங்க நெருங்க அவை வட்ட வடிவத்தை இழந்து நிமிர்ந்துகொள்ளும். இங்கே வரும் எண்களை 9 × 10⁹ சூத்திரத்தோடு ஒப்பிட்டுத் தவிக்காதீர்கள். நம் தண்ணீர் ஏடு போன்றது. மின்னோட்டம் பக்கவாட்டில் மட்டுமே பரவ முடிகிறது. அதனால் நட்டுக்கு அருகே, தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவு வோல்ட் குறையும். தொலைவால் வகுக்கும் சூத்திரம் எல்லாத் திசையிலும் பரவும் வெளிக்கு உரியது.

அடுத்து, நட்டை எடுத்துவிட்டு உலோக வளையலை வையுங்கள். அதன் விளிம்பு தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். அதை நேர்முனையோடு இணைத்து, சேர்த்துக் கட்டிய முனைகளை வளையலுக்கு உள்ளே நனைத்துத் திருப்புங்கள். எப்படித் திருப்பினாலும் சுழிதான். வளையலுக்கு உள்ளே எல்லா இடமும் ஒரே மின்னழுத்தம். சரிவு இல்லாததால் புலமும் இல்லை. வெளியே ஒரு சென்டிமீட்டர் தள்ளி நனைத்தால் எண் உடனே துள்ளும். இடி இடிக்கும்போது உலோகக் கூரையுள்ள காருக்குள் இருப்பது ஏன் பாதுகாப்பு என்று கேட்டால், இந்த வளையலைக் காட்டுங்கள்.

அறுந்து விழுந்த கம்பியும் இரண்டு கால்களும்

சேர்த்துக் கட்டிய முனைகளை இன்னும் கழற்ற வேண்டாம். நட்டை மறுபடி வைத்து, நட்டுக்கு அருகே ஆரத்தின் திசையில் அவற்றை நனைத்து அளவைக் குறியுங்கள். பிறகு 10 சென்டிமீட்டர் தள்ளி, அதே திசையில் குறியுங்கள். அளவு வெகுவாகக் குறைந்திருக்கும். கடைசியாக டேப்பைப் பிரித்து, இரண்டு நுனிகளையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்து நனையுங்கள். நட்டுக்கு எவ்வளவு அருகில் வைத்தாலும் மீட்டர் சுழிதான் காட்டும்.

மழைக்காலத்தில் மின்கம்பி அறுந்து ஈரத் தரையில் விழுந்தால், அந்தத் தரை முழுவதும் இந்தத் தட்டுதான். கம்பி தொடும் இடம் நட்டு, நம் இரண்டு கால்கள் அந்த இரண்டு முனைகள். தரை ஆழமானது என்பதால் அங்கே தொலைவால் வகுக்கும் சூத்திரம் ஓரளவு பொருந்தும். கணக்குக்காக, கம்பியிலிருந்து 1 மீட்டரில் 100 வோல்ட் என்று கொள்வோம். 2 மீட்டரில் 50. ஒரு மீட்டர் எட்டு வைத்தால் இரு கால்களுக்கிடையே 50 வோல்ட். 10 மீட்டர் தள்ளி அதே எட்டுக்கு 1 வோல்ட்கூட இல்லை. மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் இருக்கும். 1 மீட்டரில் முன்னங்காலும் 2.5 மீட்டரில் பின்னங்காலும் இருந்தால் 60 வோல்ட், அதுவும் மின்னோட்டம் நெஞ்சின் வழியே பாயும்படி. கம்பியைத் தொடாமலே மாடுகள் செத்து விழுவது இதனால்தான்.

ஆகவே அப்படி ஒரு கம்பியின் அருகே நீங்கள் மாட்டிக்கொண்டால் ஓடாதீர்கள். ஓட்டம் என்பதே கால்களை அகட்டுவது. இரண்டு பாதங்களையும் ஒட்டவைத்துக்கொண்டு, தரையை விட்டு எடுக்காமல் சிறிது சிறிதாகத் தேய்த்தபடி, கம்பி விழுந்த இடத்துக்கு நேர் எதிர்த்திசையில் குறைந்தது 10 மீட்டராவது விலகுங்கள். தரையில் கையை ஊன்றாதீர்கள். விழுந்து கிடப்பவரைத் தூக்க ஓடிப்போகாதீர்கள். முதலில் மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் செய்யுங்கள். காரின் மேல் கம்பி விழுந்திருந்தால், அது தீப்பற்றாத வரை உள்ளேயே உட்கார்ந்திருங்கள்.